பார்பியானா பள்ளி: பகுதி எண்ணைக் கேட்ட எட்டுப் பையன்கள்

ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் படித்த பள்ளியின் வாசல் வழியாக ஒரு தடவை நடந்துவிட்டு வருவது வழக்கம். கத்தோலிக்கத் துறவு சபை ஒன்று நடத்தும் பள்ளி. பெயர் இங்கே வேண்டாம். இந்த முறை காம்பவுண்டுச் சுவரை மறைக்கிற அளவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ். பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி என்று பெரிய எழுத்து, கீழே முதல் மூன்று இடம் வாங்கிய பிள்ளைகளின் படம்.

நான் பத்தாவது எழுதிய வருடமும் அங்கே 100 சதவீதம்தான். அந்த நூறுக்குள் நான் இருக்கிறேன். ஆறாவதிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் இல்லை. ஒன்பதாவது முழுப்பரீட்சை முடிந்ததும் அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கிட்டு வேற ஸ்கூல்ல சேர்த்துடுங்க, இல்லைன்னா பிரைவேட்டா எழுதச் சொல்லுங்க"ன்னு சொல்லிவிட்டார்கள். அவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். கும்பிட்டுவிட்டு டி.சி.யை வாங்கிக்கொண்டு போனார். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கும் அன்றைக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. படிக்காதவன் போகிறான், அவ்வளவுதான்.

அதில் இருந்த கணக்கு எனக்கு உறைத்தது பல வருடம் கழித்து, ஒரு இத்தாலியப் புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தபோது. இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்தையும், அதை எழுதிய பள்ளியையும் பற்றியது. கூடவே, ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் 'பணி' என்று எதைச் சொல்லலாம் என்பதையும் பற்றியது.

மலைமேல் ஒரு பங்கு

1967 மே மாதம் ஃப்ளாரன்ஸ் நகரில் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்று சொல்லலாம். எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பார்பியானா பள்ளி' என்று போட்டிருக்கும். எட்டுப் பையன்கள் சேர்ந்து எழுதியது. எல்லோரும் விவசாயக் கூலிகள், மலைக் குடியானவர்கள், தொழிலாளிகள் வீட்டுப் பிள்ளைகள்.

பார்பியானா ஃப்ளாரன்ஸுக்கு வடகிழக்கே முஜெல்லோ பகுதியில், மோன்தே ஜோவி மலைச்சரிவில் இருக்கிறது. ஊர் என்று சொல்வதே அதிகம். ஒரு சர்ச், பக்கத்தில் பங்குக் குருவின் வீடு, காட்டுக்குள் அங்கங்கே சிதறிய குடியானவர் வீடுகள். மின்சாரம், குழாய்த் தண்ணீர், வண்டிப்பாதை எதுவும் கிடையாது. மூடிவிடலாம் என்று இருந்த அந்தப் பங்குக்கு 1954 டிசம்பரில் 31 வயதுக் குருவானவர் ஒருவரை அனுப்பினார்கள். அவர் பெயர் லொரென்சோ மிலானி. வந்த மறுநாளே அங்குள்ள சின்னக் கல்லறைத் தோட்டத்தில் தனக்கு ஒரு குழி இடம் வாங்கி வைத்துவிட்டார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் தகவல். "என்னைத் தண்டிக்க அனுப்பினீர்கள், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்பதாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

மிலானி ஏழை இல்லை. 1923இல் ஃப்ளாரன்ஸின் பணக்கார, படித்த குடும்பத்தில் பிறந்தவர். கொள்ளுத்தாத்தா தொமெனிக்கோ கம்பரெத்தி புகழ்பெற்ற மொழியியல் அறிஞர். அம்மா யூத வம்சம். வீட்டில் மதப் பழக்கமே கிடையாது. 1943இல், இருபது வயதில், மனம் மாறிக் குருமடத்தில் சேர்ந்தார். 1947இல் குருப்பட்டம். அதன் பிறகு கலென்சானோ ஊரில் உதவிப் பங்குக் குருவாக இருந்த ஏழு வருடம், மில் தொழிலாளிகளுக்கும் விவசாய இளைஞர்களுக்கும் இரவுப் பள்ளி நடத்தினார். கம்யூனிஸ்ட் வீட்டுப் பையன், சர்ச்சுக்குப் போகும் வீட்டுப் பையன் என்று பார்க்காமல் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். அந்தக் காலத்து இத்தாலியில் இது லேசான விஷயம் இல்லை. மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. மலைக்கு மாற்றல் வந்தது.

பள்ளி எப்படி நடந்தது?

ஆரம்பத்தில் ஆறு பையன்கள். பங்குக் குருவின் வீடுதான் வகுப்பறை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணிநேரம், வருடத்துக்கு 365 நாள். ஞாயிறு லீவு இல்லை, கோடை லீவும் இல்லை. பெரியவன் சின்னவனுக்குச் சொல்லித்தர வேண்டும். பாடத்தில் ஒருவன் பின்தங்கினால் மற்றவர்கள் முன்னால் போவதில்லை. அவனுக்குப் புரியும்வரை வகுப்பு அங்கேயே நிற்கும்.

பாடப் புத்தகத்தைவிட செய்தித்தாளுக்குத்தான் அதிக நேரம். ஒரு செய்தியை எடுத்து, அதில் தெரியாத சொல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, அந்த ஊர் மேப்பில் எங்கே இருக்கிறது, அந்தச் சட்டத்தை யார் போட்டது என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் போனாலும் போகும். வெளிநாட்டு மொழிகளை இசைத்தட்டுப் போட்டுக் கற்றார்கள். பதின்ம வயதுப் பையன்களைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே வேலை செய்து மொழி பழகி வரச் சொன்னார் மிலானி. தண்ணீரைக் கண்டால் பயப்படும் மலைப் பிள்ளைகளுக்காக, அவர்களே கட்டிய ஒரு சின்ன நீச்சல் தொட்டியும் உண்டு.

சுவரில் ஆங்கிலத்தில் 'ஐ கேர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். 'எனக்கு அக்கறை இருக்கு' என்று அர்த்தம். முசோலினி காலத்து பாசிஸ்டுகளின் கோஷம் 'எனக்கென்ன போச்சு' என்கிற மாதிரி ஒன்று. அதற்கு நேர் எதிராக வைத்த வாசகம் இது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் எழுதும் முறை. ஆளுக்கொரு சின்ன நோட்டு. தோன்றுகிறதை எல்லாம் தனித்தனிச் சீட்டில் எழுதுவார்கள். எல்லாச் சீட்டையும் மேஜையில் பரப்பி, ஒரே விஷயம் பேசுகிறவற்றை ஒன்றாகக் குவித்து, குவியலுக்கு ஒரு பெயர் வைத்தால் அது அத்தியாயம். பிறகு எல்லோரும் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாக வெட்டுவார்கள். இந்தச் சொல் தேவையா, இது நம் வீட்டில் பேசுகிற சொல்லா, இதைவிடச் சுலபமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். நாங்கள் ஆபீஸில் கோட் ரிவ்யூ என்ற பெயரில் செய்வதை, பதினைந்து வயதுப் பையன்கள் அதைவிடப் பொறுமையாக மலைமேல் செய்திருக்கிறார்கள்.

கடிதமும் கணக்கும்

கடிதத்தின் பின்னணி இது. 1962 டிசம்பரில் வந்த சட்டம் இத்தாலியில் பதினான்கு வயதுவரை எல்லோருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளியைக் கட்டாயமாக்கியது. சட்டம் வந்ததே தவிர, பிள்ளைகளைப் ஃபெயிலாக்கி வெளியே தள்ளும் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. பார்பியானாவிலிருந்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போன பையன்களும் ஃபெயில். பெயிலாக்கிய ஆசிரியைக்குத்தான் கடிதம்.

கடிதத்தில் இரண்டு பாத்திரங்கள். மருத்துவர் மகன் பியெரினோ, குடியானவன் மகன் ஜியான்னி. பியெரினோ பள்ளிக்கு வரும்போதே பள்ளியின் மொழியோடு வருகிறான். அவன் வீட்டில் பேசுவதைத்தான் பள்ளியும் பேசுகிறது. ஜியான்னி வீட்டில் பேசுகிற மொழிக்குப் பள்ளியில் சிவப்பு மை. இரண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே மதிப்பெண் என்பதை ஆசிரியை நியாயம் என்று நினைக்கிறார். அதுதான் அநியாயம் என்பது பையன்களின் வாதம்.

வாதத்தோடு விட்டிருந்தால் இது ஒரு கோபமான கட்டுரையாக முடிந்திருக்கும். அவர்கள் கணக்குப் போட்டார்கள். பள்ளிப் பதிவேடுகள், அரசாங்கப் புள்ளிவிவரம் எல்லாம் திரட்டி, முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் எங்கே போனார்கள் என்று தொடர்ந்து பார்த்தார்கள். ஃபெயிலாகி நின்றவர்கள் எத்தனை, பள்ளியை விட்டுப் போனவர்கள் எத்தனை, அவர்களின் அப்பாக்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று வரைபடம் போட்டார்கள். ஆசிரியையின் கண்ணுக்கு ஒவ்வொரு வருடமும் வகுப்பு நிறைந்தே தெரியும். போனவர்களின் இடத்தில் மேல்வகுப்பில் ஃபெயிலானவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் முதல் நாள் சேர்ந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இழப்பு தெரிகிறது. இழந்தவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்பதும் தெரிகிறது. இந்தப் புள்ளிவிவர வேலைக்காக இத்தாலிய இயற்பியல் கழகம் அவர்களுக்குப் பரிசு கொடுத்தது.

பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தபோது மேலே தொகுதி, கீழே பகுதி என்று சொல்லிக்கொடுத்தார்கள். தேர்ச்சி சதவீதம் ஒரு பின்னம். தேறியவர்கள் தொகுதி, எழுதியவர்கள் பகுதி. தொகுதியைக் கூட்டுவது கஷ்டம், பாடம் நடத்தவேண்டும். பகுதியைக் குறைப்பது சுலபம், ஒரு டி.சி. போதும். என் வேலையில் இதற்கு நேரான குற்றம் ஒன்று உண்டு. டெஸ்ட் ஃபெயிலானால் புரோகிராமைச் சரிசெய்யாமல் அந்த டெஸ்டையே அழித்துவிடுவது. ஸ்கிரீனில் எல்லாம் பச்சையாகத் தெரியும். ஆறாவதில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் பள்ளி ஃப்ளெக்ஸில் போட்டிருந்தால், என் பெஞ்ச் நண்பனும் அந்த எண்ணுக்குள் வந்திருப்பான்.

இது கத்தோலிக்கப் பள்ளியா?

இந்தக் கேள்வியை மிலானி காலத்திலேயே கேட்டார்கள். கலென்சானோவில் இரவுப் பள்ளி நடத்தியபோது, வகுப்பறைச் சுவரிலிருந்து சிலுவையை எடுத்துவிட்டார். கம்யூனிஸ்ட் வீட்டு இளைஞன் தயங்காமல் உள்ளே வரவேண்டும் என்பதற்காக. ஒரு குருவானவர் செய்கிற காரியமா இது என்று கேட்டால், அவரிடம் பதில் இருந்தது. மொழியே இல்லாதவனுக்கு நீங்கள் மறைக்கல்வி நடத்தினாலும் அது காதில் ஏறாது. முதலில் அவனுக்குச் சொல்லைக் கொடு, பிறகு அவன் எதை நம்புவது என்று அவனே பார்த்துக்கொள்வான் என்கிற நிலைப்பாடு. இதையெல்லாம் 1958இல் ஒரு பெரிய புத்தகமாக எழுதினார். அதே வருடம் டிசம்பரில் வத்திக்கான் அதை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னது. அந்தத் தடை நீங்க 2014 ஆயிற்று. 2017 ஜூனில் போப் பிரான்சிஸ் பார்பியானாவுக்கே போய் அவர் கல்லறை முன்னால் நின்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏழைப் பிள்ளைக்கான பள்ளி என்பது கத்தோலிக்க மரபுக்குப் புதிதே அல்ல. 1597இல் ரோம் நகரில் ஜோசப் கலசான்ஸ் தெருப்பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்தார். அடுத்த நூற்றாண்டில் பிரான்ஸில் தெ லா சால். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் வெளியிட்ட கல்வி அறிக்கையில், பொருளில் வறியவர்கள் மேல் கத்தோலிக்கப் பள்ளிகள் தனி அக்கறை காட்டவேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆக, திருச்சபையே தன் பள்ளிகளுக்கு வைத்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பார்த்தாலும், சிலுவை இல்லாத அந்த வகுப்பறை நன்றாகவே தேறுகிறது. சிலுவை மாட்டிய பல வகுப்பறைகள் தேறுமா என்பதுதான் சந்தேகம்.

எனக்கு உடன்பாடு இல்லாதவை

மிலானியைப் புனிதராக்கும் கட்டுரைகள் இத்தாலியில் நிறைய. இங்கே ஒன்று கூட வேண்டாம்.

முதலில், கடிதம் அந்த ஆசிரியைக்கு நியாயம் செய்யவில்லை. பெயரில்லாத ஒரு பெண்மேல் ஒரு நாட்டின் குற்றம் முழுவதும் ஏற்றப்படுகிறது. பாடத்திட்டம் போட்டவர்கள், பட்ஜெட் போட்டவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். முழுநேரப் பள்ளிக்கு ஆசிரியர்கள் கல்யாணம் செய்யாமல் இருந்தால் நல்லது என்கிற அளவுக்குக் கடிதம் போகிறது. ஒரு குருவானவரின் வாழ்க்கையை எல்லா வாத்தியாருக்கும் சட்டமாக்க முடியாது.

இரண்டாவது, பார்பியானாவில் அடி விழுந்தது. மிலானி கண்டிப்பானவர், கை நீட்டுகிறவர். விளையாட்டு நேரமும் கிடையாது. மாட்டுச் சாணம் அள்ளுவதைவிடப் பள்ளி பரவாயில்லை என்று பிள்ளைகள் வந்தார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். அதற்காகப் பிரம்பை நியாயப்படுத்த நான் தயாரில்லை. நாமெல்லாம் அடி வாங்கிப் படித்த தலைமுறை, "அடிச்சதாலதான் உருப்பட்டோம்"னு சொல்வோம். அதுவும் பகுதி எண்ணை மறைக்கிற பேச்சுதான். அடி தாங்காமல் ஓடிப்போனவன் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை.

மூன்றாவது, பெண்பிள்ளைகள் அங்கே சொற்பம். பையன்களே இதைக் குறையாக ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் பெற்றோர் மனப்பான்மைமேல் பழியைப் போட்டுவிட்டுச் சட்டென்று நகர்ந்துவிடுகிறார்கள்.

நான்காவது, மிலானி 1967 ஜூன் 26 அன்று, 44 வயதில், நிணநீர்ப் புற்றுநோயால் இறந்தார். புத்தகம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் அதிகம் ஆகவில்லை. பள்ளியும் அவரோடு முடிந்துவிட்டது. ஒரு ஆளை எடுத்தால் நின்றுபோகிற அமைப்பு எங்கள் தொழிலில் நல்ல வடிவமைப்பு ஆகாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய விமர்சனம் உண்டு. 2021இல் பாவ்லா மாஸ்த்ரோகோலா, லூக்கா ரிகோல்ஃபி இருவரும் எழுதிய ஒரு புத்தகம், பள்ளியின் தரத்தைத் தளர்த்தியது கடைசியில் ஏழைப் பிள்ளைகளைத்தான் பாதித்தது என்கிறது. பணக்காரப் பிள்ளைக்கு வீட்டில் நூலகம் இருக்கிறது, ஏழைப் பிள்ளைக்குப் பள்ளி மட்டும்தானே இருக்கிறது என்கிற வாதம். இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். ஆனால் பார்பியானா கேட்டது தளர்வை இல்லை. கடிதம் மூன்று சீர்திருத்தங்களைக் கேட்கிறது. யாரையும் ஃபெயிலாக்காதே. மந்தமாகத் தெரிகிறவனுக்கு முழுநாள் பள்ளி கொடு. சோம்பலாக இருப்பவனுக்கு ஒரு நோக்கம் கொடு. முதலாவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். இரண்டாவதற்குப் பணமும் ஆளும் வேண்டும். இத்தாலியில் 1971இல் ஆரம்பப் பள்ளிகளுக்கு முழுநேரச் சட்டம் வந்தும், ஏழ்மை அதிகமான தெற்கில் அது இன்றுவரை குறைவு. முதல் கோரிக்கையை எடுத்துக்கொண்டு இரண்டாவதைப் பாதியில் விட்டால் வரும் விளைவுக்குப் பார்பியானாமேல் பழி போடுவது சரியில்லை.

நம் ஊரில்

இந்த இடம் எனக்கு மிகவும் தெரிந்த இடம். 2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாவதுவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. கூடவே தொடர் மதிப்பீடு செய்து, பின்தங்கியவனுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கவும் சொன்னது. நமக்கு முதல் பாதி மட்டும் 'ஆல் பாஸ்' என்ற பெயரில் ஞாபகம் இருக்கிறது. 2019இல் தமிழ்நாட்டில் ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வு அறிவித்து, எதிர்ப்பு வந்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். அந்தச் சில மாதம் இரண்டு பக்கமும் ஃபெயிலாக்குவதா வேண்டாமா என்றுதான் சண்டை போட்டது. பின்தங்கியவனுக்குச் சாயங்காலம் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என்று கேட்டவர்கள் குறைவு.

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்பது என் எண்ணம். 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தும் உரிமையை நான் மதிக்கிறேன். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் பணி என்கிற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. கிராமத்தில் விடுதி நடத்தி, முதல் தலைமுறைப் பிள்ளைகளைக் கரை சேர்த்த கன்னியாஸ்திரிகளை எனக்குத் தெரியும். அவர்கள் ஃப்ளெக்ஸ் அடிப்பதில்லை.

என் கோரிக்கை சின்னது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் 100 சதவீதம் என்று போடும்போது பக்கத்தில் இன்னும் இரண்டு எண் போடட்டும். ஆறாவதில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இங்கேயே பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. எட்டுப் பையன்கள் பேப்பர் பென்சிலோடு செய்த கணக்கை இன்றைக்கு ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம்.

என் பெஞ்ச் நண்பன் இப்போது சொந்த ஊரில் லோடு வண்டி ஓட்டுகிறான். அவன் மகள் படிப்பது அதே பள்ளியில், ஒன்பதாவது. வீட்டுக்குப் பக்கத்தில் வேறு நல்ல பள்ளி இல்லை. இந்த முறை ஊருக்குப் போனபோது, "கணக்குல வீக்கா இருக்காம்டா, அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க"ன்னு சொன்னான். அவன் குரலில் இருந்த பயம் முப்பது வருடம் பழையது.

முழுப்பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. தினமும் ராத்திரி எட்டரைக்கு வீடியோ காலில் அவளுக்கு நான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று பின்னங்கள் ஆரம்பித்தோம்.